பனியில் ஒரு சிவப்பு விளக்கு

நம்மைவிடக் கெட்டிக்காரனை வெறுப்பது சுலபம். அவன் நல்லவனாகவும் இருந்துவிட்டால்தான் சிக்கல்.

எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் வசிக்கும் கிரீஷ் அப்படிப்பட்டவர். ஞாயிறு விடியலில் எங்கள் சைக்கிள் கோஷ்டி ஆனேக்கல் தாண்டி ஒரு ஏரிக்கரை வரை போய், இட்லி சாப்பிட்டுத் திரும்பும். போகும்போதும் கிரீஷ் முதலில், வரும்போதும் கிரீஷ் முதலில். நான் மூச்சிரைக்க ஏரியை அடையும்போது அவர் சாப்பிட்டு, காபி குடித்து, எனக்கும் ஒரு தட்டு சொல்லிவைத்திருப்பார். "ஆராமா வாங்க சார், என்ன அவசரம்" என்பார். அந்த 'ஆராமா'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். (ஒரு தடவையாவது நக்கலாகச் சொல்லியிருந்தால் நிம்மதியாகக் கோபித்துக்கொண்டிருப்பேன்.)

மனம் தளராமலிருக்க என்னென்னவோ செய்தேன். செல்போனில் ஊக்கப் பேச்சுகள் கேட்டேன். உன் போட்டியாளன் நீயேதான் என்றார் ஒருவர். அவனிடமும் தோற்றுக்கொண்டிருந்தேன். எடையைக் குறைக்கச் சைக்கிளின் மணியைக் கழற்றினேன். (தொப்பையைக் கழற்றும் வழி தெரியவில்லை.)

கடைசியில் ஒரு மார்கழி மாதச் சனிக்கிழமை, துணி காயப்போட இடமில்லாமல் பால்கனியில் சைக்கிளை முறைத்துக்கொண்டிருந்த என் மனைவி வித்யாவிடம் வீறாப்பாகச் சொன்னேன்: நாளைக்கு ஏரி வரை கிரீஷின் பின்சக்கரத்தை விடாமல் போகாவிட்டால், சைக்கிளைக் குடியாத்தத்திலிருக்கும் உன் தம்பிக்கே கொடுத்துவிடுகிறேன். அவள் அப்போதே தம்பிக்கு ஃபோன் போட்டுவிட்டாள். வாரம் முழுக்க பொம்மசந்திரா தொழிற்சாலையின் இரைச்சலில் கிடப்பவன் நான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே ஓட்டினால், எதிர்க்காற்று அவர்மேல் மோதும். நமக்கு உழைப்பு மிச்சம். அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது. அவருடைய சிவப்பு விளக்கு ஒன்றுதான் உலகம்.

மறுநாள் ஆனேக்கல் வரை எப்படியோ தொற்றிக்கொண்டு போனேன். அங்கே ஒரு லாரி குறுக்கே புகுந்தது. அது விலகியபோது ஒரே பனி. சாலை இல்லை, மரங்கள் இல்லை, என் முன்சக்கரம்கூட பாதிதான் தெரிந்தது. தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு. உயிரைக் கொடுத்து மிதித்து அதைப் பிடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு லேசாகிறது. வெண்மைக்குள் அந்த விளக்கு மிதந்தது, அதன் பின்னால் நான் மிதந்தேன். எங்கோ மாட்டுமணி கேட்டது. ஈர மண் வாசனை வந்தது. கால்கள் யாருடையவோ போலச் சுழன்றன. கிரீஷின் விளக்கு வழக்கமாக விட்டு விட்டு எரியும். இன்று நின்று எரிந்தது. புதுசு மாட்டியிருப்பார் என்று நினைத்தேன். சாலை மண்பாதையானது. குறுக்குவழி போலும். இவ்வளவு வருடங்களாக இதில் போய்த்தான் ஜெயித்திருக்கிறார் என்று தோன்றியதும் அவரை மன்னித்துவிட்டேன். அந்த அரைமணி நேரம் எனக்கு யார்மேலும் பகையில்லை.

விளக்கு நின்றது. நானும் நின்று, "பாத்தீங்களா கிரீஷ், விட்டேனா?" என்றேன்.

மஃப்ளர் சுற்றிய ஒரு முகம் திரும்பியது. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும் மின்சார ஸ்கூட்டர். ஹெல்மெட்டும் விளக்குமாக எவனோ துரத்துகிறான் என்று பயந்து, அந்தக் குண்டும் குழியுமான பாதையில் எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாக வந்திருக்கிறார் பாவம். எதிரே கிராமத்துப் பால் சொசைட்டி. கறந்த பாலை ஊற்றச் சொம்பும் கேனுமாக ஊரே வரிசையில் நின்றிருந்தது, அதன் கடைசியில் இறுக்கமான கால்சட்டையில் நான். பால் அளக்கும் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். சைக்கிளில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலில் அவர் கண் நின்றது.

"இஷ்டேனா?" என்று கேட்டார் கன்னடத்தில். இவ்வளவுதானா என்று அர்த்தம். வரிசை முழுக்கச் சிரித்தது.

ஏரியில் என்னைக் காணாமல் ஃபோன் செய்த கிரீஷ், தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். அந்த அம்மாள் நடித்துக்காட்டியே கதையைச் சொன்னார். கிரீஷ் சிரிக்கவில்லை. அதுதான் அவரிடமுள்ள கொடுமை. பனி விலகிய வயல்களைப் பார்த்துக்கொண்டே, "ரோடு சூப்பரா இருக்கு சார். இனிமே இப்படியே வரலாமா?" என்றார்.

வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்தேன். துடைத்துத்தானே கொடுக்க வேண்டும். வித்யா சுவரில் சாய்ந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு நான் துடைப்பதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"விடாம பின்னாடியேதான்டா போயிருக்காரு. ஆளுதான் வேற. சைக்கிள் இங்கயே இருக்கட்டும்" என்று தம்பியிடம் சொன்னாள். நான் துடைத்த சக்கரத்தையே மறுபடியும் துடைத்தேன்.

இப்போது எங்கள் கோஷ்டி அந்த மண்பாதையில்தான் போகிறது. அதிலும் கிரீஷ்தான் முதலில். தினமும் காலையில் பால்காரர் மணியடித்தால், "கிரீஷ் வந்திருக்காரு பாருங்க" என்று வித்யா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். நான் பாத்திரத்தோடு போவேன்.

போன வாரமும் அப்படித்தான் குரல் கொடுத்தாள். பாத்திரத்தோடு போய்க் கதவைத் திறந்தேன். காற்றடிக்கும் பம்பு கேட்டு வந்த கிரீஷேதான் நின்றிருந்தார். என் கையிலிருந்த பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் நக்கல் தெரிந்தது.

"இஷ்டேனா சார்?" என்றார்.