செபமாலைக்குப் போன கோல்கீப்பர்

முன்னொரு காலத்தில் இல்லை, போன ஒக்டோபரில். ஏழு கடல் தாண்டியும் இல்லை, தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறினால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரு கோல்கீப்பர் இருந்தான். அவனுக்கு அறுபது தாண்டியிருந்தது. ஒரு முழங்கால் சரியில்லை. ஒரு பெண்சாதி இருந்தாள், அவள் எல்லாவற்றிலும் சரி. அந்தக் கோல்கீப்பர் நான்தான், சவரிமுத்து. பெண்சாதி பேர் தெரேசம்மா.

எங்கள் தோட்டத்தில் வயசானவர்கள் ஆடுவது நடைப்பந்து. கால்பந்துதான், ஆனால் ஓடக்கூடாது. ஓடினால் விசில், பந்து எதிராளிக்கு. வயசு ஐம்பத்தைந்தைத் தாண்டிய யாரும் ஆடலாம். கோல்கீப்பருக்கு நடக்கிற வேலைகூட இல்லை, நின்றால் போதும்.

இளவட்ட வயசில் நான் தோட்டத்து டீமுக்கு எலுமிச்சம்பழம் வெட்டிக் கொடுத்தவன். டீம் போட்டோவில் என் ஒரு தோள் மட்டும் இருக்கும். இந்த வயசில் கெப்டன் ரொபர்ட் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, கோல் ஒங்களுக்குத்தான்" என்றபோது அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இடைஞ்சல் ஒன்றுதான். "இனிமே விழக்கூடாது" என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னது தெரேசம்மாவின் காதிலும் விழுந்துவிட்டது.

"பந்துக்கு முன்னால விழுந்தா பந்து எழும்பிரும். நீங்க எழும்ப மாட்டீங்க" என்றாள். "அந்தக் கிரவுண்டுப் பக்கம் போனா வீட்டுல அடுப்பு எரியாது."

அதனால் ஒரு திட்டம் போட்டேன். ஞாயிறு பின்னேரங்களில் கோயிலுக்குப் போய்த் தனியாகச் செபம் செய்வதாகச் சொன்னேன். முதல் கிழமையே விசாரணை வந்தது.

"ஏங்க, முட்டியில என்ன சேறு?"

"முழந்தாள் போட்டேன்ல."

"கோயில்ல சிமெண்டுத் தரை."

"வெளிய, மாதா செலை வச்ச கெபிக்கு முன்னால."

"முழங்கையிலயும் இருக்கு."

"நெடுஞ்சாங்கிடையா விழுந்து கும்பிட்டேன்."

"காதுக்குள்ள?"

"கொஞ்சம் அதிகமா உருகிட்டேன் தெரேசா."

அவள் சேற்றுச் சட்டையை வாங்கிக்கொண்டு தோய்க்கப் போனாள். தெரேசம்மா சத்தம் போட்டால் அது சாதாரண நாள். சத்தம் போடாமல் போனால்தான் விஷயம் இருக்கிறது. அந்த மாதம் முழுக்கச் சாதாரண நாளே வரவில்லை.

கடைசி ஞாயிறு மூன்று மணிக்குக் கலவானைக்காரர்களோடு மேட்ச். என் வாழ்க்கையிலேயே முதல் மேட்ச். அதற்கு முதல் நாள் தெரேசம்மா சிரித்த முகமாகத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நாளைக்கு ஞானம்மாக்கா வீட்டுல செபமாலைங்க. உபதேசியார் கொழும்புக்குப் போறாராம். நீங்கதான் முன்னுக்கு நின்னு சொல்லணும்."

"நானா?"

"ஞாயிறு தவறாம காதுல சேறு போற அளவுக்கு உருகுறீங்க. உங்கள விட்டா யாரு?"

"எத்தன மணிக்கு?"

"மூணுக்கு."

எங்கள் தோட்டத்துக்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் செபத்தை நடத்துவார். ஒக்டோபரில் மாதா சுரூபம் வீட்டுக்கு வீடு போகும், பின்னாலேயே செபமாலையும் போகும். சொல்லச் சொல்லியும் மறுத்தவன் என்ற பேர் வந்தால் லயத்து வீடுகளுக்கு நடுவில் தலைகாட்ட முடியாது. மறுக்காவிட்டால் கோல் போகும்.

"எனக்குத் தொண்ட கட்டியிருக்கு தெரேசா."

"கொத்தமல்லி அவிச்சு வச்சிருக்கேன்."

குளியலறைக்குப் பின்னால் ஒளிந்து ரொபர்ட்டுக்குப் போன் அடித்தேன். "ஒரு அர மணி பிந்தித் தொடங்க ஏலாதா?"

"கலவானைக்காரங்க பஸ் பிடிக்கணும்ணே. வேற ஆள் போட்டுக்கிறேன்."

"போடாத. செபத்த சுருக்கா முடிச்சிட்டு வந்துருவேன்."

"சரிண்ணே, மெதுவா வாங்க" என்றான். கவலையே இல்லாத குரல். நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

ஞானம்மாக்கா வீடு மேட்டு லயத்தில். கிரவுண்டு நேர் கீழே. வெள்ளைச் சட்டைக்குள் ஜேர்சியைப் போட்டுக்கொண்டு முழந்தாளிட்டேன். கீழே விசில் ஊதியது. நானும் தொடங்கினேன். முதல் பத்து மணிகளை ஒரே மூச்சில் உருட்டினேன்.

ஞானம்மாக்கா செருமினார். "சவரி, ஓடாத."

"இல்லக்கா."

"நீ ஓடுற. மாதாவுக்குக் கேக்க வேணாமா? மொதல்ல இருந்து வா."

திரும்ப முதல் மணி. கீழே ஓடினால் பந்துதான் போகும். இங்கே பத்து மணியும் போனது. மூன்றாவது பத்தில் என்னையறியாமல் வேகம் கூடியது. ஞானம்மாக்கா கையைத் தூக்கினார். திரும்ப முதல் மணி. கீழே கூட்டம் கத்தியது. கோல் நமக்கா, நம்மேலா? வியர்வையில் ஜேர்சி முதுகோடு ஒட்டியது. தெரேசம்மாவைக் கண்ணால் தேடினேன். நான் முழந்தாளிடும்போது கதவோரம் இருந்தவளைக் காணோம். தேத்தண்ணி ஊற்றப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

கடைசி ஆமென் சொல்லி முடிக்குமுன் எழும்பிவிட்டேன். பிஸ்கட் தட்டை நீட்டினார்கள், தாண்டிக்கொண்டு இறங்கினேன். வெள்ளைச் சட்டையைக் கழற்றியபடி, நொண்டிக்கொண்டே கிரவுண்டில் கால் வைக்கவும் முடிவு விசில் ஊதவும் சரியாக இருந்தது. விசில் கொழும்புக்குப் போன உபதேசியார் வாயில் இருந்தது.

கோலில் தெரேசம்மா நின்றாள். சேலையை இழுத்துச் செருகி, என் கையுறையைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்தபடி. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்த காலமெல்லாம், அம்மாமார் மலைக்கு வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவிடாமல் அப்படித்தான் வாசலில் நிற்பாள். ஒரு பிள்ளை தாண்டியதில்லை. ஒரு பந்தும் தாண்டவில்லை.

"மே நெந்தாவ கெதர யவன்ன" என்று சிங்களத்தில் கலவானை கெப்டன் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த அத்தையை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று. என்னாலேயே முடியாத காரியம்.

"உபதேசியாரே, கொழும்பு?"

"தெரேசம்மா போகச் சொன்னாங்க. பொறவு வேணாம்னுட்டாங்க" என்றார் அவர்.

"ரொபர்ட்டு, நீயுமா?"

"அக்கா மாசம் முழுக்க வந்து பழகினாங்கண்ணே. நீங்க டவுனுக்குப் போற நேரமாப் பார்த்து."

தெரேசம்மாவைப் பார்த்தேன். "ஒனக்கு எப்ப தெரியும்?"

"மொதல் கிழமையே. செபத்துக்குப் போட்டுப் போன சட்டைய நான்தான தோய்க்கிறேன். முதுகுல ஒன்னுன்னு நம்பர் இருந்துச்சு. மோட்சத்துல சீட்டு புக் பண்ணிட்டீங்களோன்னு பார்த்தேன்."

"டாக்டர் விழக்கூடாதுன்னாரே."

"உங்களத்தான சொன்னாரு. நான் எங்க விழுந்தேன், நின்னேன்."

கலவானைக்காரர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். ரொபர்ட் பந்தை எடுத்துக்கொண்டு போனான். உபதேசியார், இனி செபமாலைக்கு நான் இருக்கிற தைரியத்தில் சந்தோஷமாகப் போனார். தெரேசம்மா கையுறையைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"கழுவிக் காயப்போடுங்க. வர்ற ஞாயிறு எனக்குக் கலவானையில மேட்ச்."

சொல்லிவிட்டு மேட்டில் ஏறினாள். அவள் நடந்துதான் போனாள். என்னால்தான் ஓடியும் பிடிக்க முடியவில்லை.