மாப்பிள்ளை வீட்டுக் காரை நான் பழுது பார்த்த கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே ஒரு மோட்டார் தாறுமாறாக ஓடினாலும், ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது. (படித்தது பி.காம். மெக்கானிக் வேலை முழுக்க கைபேசி வீடியோவில் கற்றது.)

என் போட்டோவை முன்பே வாங்கிப் பார்த்துவிட்டு, செங்கோட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் அந்த வியாதி விடவில்லை. தென்காசியில் எங்கள் வீட்டு வாசலில் காரை அணைக்காமலே நிறுத்தியிருந்தார்கள். அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்ற பயமாம். நான் காபித் தட்டோடு நிற்கிறேன். வெளியே இன்ஜின் உர்ரென்று ஏறுகிறது, பொசுக்கென்று இறங்குகிறது. மாப்பிள்ளையின் முகத்தை எங்கே பார்க்க? இருவரும் தனியாகப் பேசிவிட்டு வரச் சொன்னதும் நேரே வாசலுக்குப் போனேன்.

"எத்தன நாளா இப்படி ஏறி எறங்குது?" அவரிடம் நான் பேசிய முதல் பேச்சே இதுதான்.

"ஒரு மாசமா. பிளக்கெல்லாம் மாத்தியாச்சு, சரியாவல," என்றார். கேலி செய்யாமல் பதில் சொன்னாரே, அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. (அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.)

பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்தேன். எங்கோ உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம். தேடினால், ஒரு சின்ன ரப்பர் குழாய் முனையில் வெடித்திருந்தது. விரலால் அடைத்தேன், இன்ஜின் ஒரே சீராக ஓடியது. எடுத்தேன், மறுபடி ஆட்டம். கண்டுபிடித்துவிட்டேன்! அதோடு விட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும். வெடித்த முனையை வெட்டிவிட்டுத் திரும்பச் செருகலாமென்று ஓர் இழுப்பு இழுத்தேன். குழாயோடு, அது மாட்டியிருந்த பிளாஸ்டிக் முனையும் ஒடிந்து கையில் வந்தது. இன்ஜின் விக்கி நின்றது. அப்புறம் எத்தனை முறை கிளப்பியும் ஓடவில்லை, அணைந்து அணைந்து போனது.

அம்மா என்னை அடுக்களைக்கு இழுத்துப்போய், "ஏட்டி, கட்டிக்க வந்தவங்க காரையா ஒடைப்ப?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சாரல் வேறு. மனிதர் குற்றாலத்தில் ஐந்தருவிக்கடியில் நின்றுகொண்டிருந்தார்.

என் பட்டுச் சேலையிலிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா, "ஊருக்குப் போய்ச் சொல்லுதோம்," என்றார். ஓய்வு பெற்ற போலீஸ்காரர். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று சாப்பிடவும் மறுத்துவிட்டார். கை நனைத்தால் சம்மதம் என்றாகிவிடுமே. காரை விட்டுவிட்டுப் பஸ் ஏறவும் அவருக்கு மனமில்லை. மணி இரண்டைத் தாண்டியது. அடுக்களையிலிருந்து சாம்பார் மணம் வந்துகொண்டே இருந்தது.

மாப்பிள்ளை எழுந்து வந்து, "அத்தை, எனக்கு எல போடுங்க. பசிக்கி," என்றார்.

அவர் அப்பா மகனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கை கழுவ எழுந்தார்.

நான்கு மணிக்கு மெக்கானிக் அண்ணாச்சி ஈரத் தலையோடு வந்தார். "முனை ஒடிஞ்ச இந்த ஓட்டைய டேப்பு சுத்தி அடைச்சிருந்தா செங்கோட்ட வர போயிருக்கலாமே," என்றபடி, துடைக்கத் துணி தேடி டேஷ்போர்டைத் திறந்தார். உள்ளே ஒரு முழுச் சுருள் கறுப்பு டேப் இருந்தது. மாப்பிள்ளை எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் எங்கள் சொந்தத்தில் யாராவது பெண் பார்க்கக் கிளம்பினால் என் மாமனார் வாசல்வரை வந்து சொல்வார்: "போட்டாவுலயே பையனுக்குப் புடிச்சிருந்தா, டேப்ப வீட்டுலயே வச்சிட்டுப் போங்க."