அமிலமழையாரின் அப்பச்சோடா

மட்டக்களப்பில் மழையைத் தன் சொந்த எதிரியாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் அலுவலகத் தலைமை எழுத்தர், பிரதம லிகிதர்தான். அவர் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் ‘அமிலமழை’.

சுனாமி கொண்டுபோன கல்லடிக் கடற்கரை வீடுகள் பாதி இன்னும் அத்திவாரமாகவே கிடந்தன. சண்டையும் மறுபடி தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து மனிதர் ஒரு கறுப்புக் கார் வாங்கினார். முதல் மாரியிலேயே பொனட்டில் வெள்ளைப் புள்ளிகள். ஊர் கூரைத் தகரத்துக்கு அலைய, இவர் புள்ளிகளுக்குத் துக்கம் காத்தார்.

“வாகரைச் சண்டையில விழுற ஷெல்லுட புகைதான் தம்பி. மேகத்தில கலந்து அசிட்டா இறங்குது.”

அப்பச்சோடாவைக் கரைத்துக் கழுவினால் அமிலம் செத்துவிடும், பிறகு களிமண்ணால் தேய்த்தால் ஒட்டிய அழுக்கெல்லாம் வந்துவிடும் என்று கொழும்புப் பெயின்ட் கடைக்காரர் ஒருவர் சொன்னாராம். அவர் சொன்னது கார் துடைக்கவென்றே கடையில் விற்கும் மெத்தென்ற களிக்கட்டியை. நம் மேதாவியோ வயல்வட்டைக்குப் போய்க் களி ஒரு வாளி அள்ளிவந்து, மணலும் நத்தை ஓடுமாகத் தேய்த்தார். பொனட் முழுவதும் பூனை பிறாண்டிய மாதிரி ஆயிற்று.

“களியில பிழையில்ல தம்பி. உள்ள போன அசிட் இப்பதான் வெளியில வருது!”

ஒருநாள் அலுவலக வேலையாக ஆரையம்பதிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். வழிச் சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறந்த சிப்பாய், அப்பச்சோடாப் பையைக் காட்டி என்னவென்று கேட்டான். இவர் தன் உடைந்த சிங்களத்தில் அமில மழை பற்றி விரிவுரையே நடத்தினார். அவனுக்கு விளங்கியது ஒரேயொரு சொல்: ‘அசிட்’. துப்பாக்கி நிமிர்ந்தது. உடனே மனிதர் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு விழுங்கினார். அடுத்து வந்த ஏப்பத்தில் சாவடியே சிரித்தது.

சிரிப்பு என் அடையாள அட்டையோடு நின்றது. விலாசம் வாகரை, சண்டை நடக்கும் புலிகளின் பக்கம். அவரைப் போகச் சொன்னார்கள். என்னை உள்ளே இருத்தினார்கள். அந்த நாட்களில் அப்படி இருத்தப்பட்ட எல்லோரும் வீடு திரும்பவில்லை.

“நீங்க போங்க சேர்,” என்றேன்.

“நீ வாயப் பொத்திட்டு இரி.”

விரட்ட விரட்ட அதிகாரியின் முன்னால் வந்து நின்று, அதே கொடுமையான சிங்களத்தில், என்னைத் தன் பெடியன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னேரம், சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

காரில் ஏறியதும் தொடங்கியது ஏச்சு. “ஊர் எதெண்டு கேட்டா இப்பிடியா முழுசுற? மூளை இரிக்கா உனக்கு?” ஆரையம்பதி வரும்வரை ஏச்சும் நிற்கவில்லை, காரும் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை.

இப்போது என்னை அப்படி ஏச ஆளில்லை.