நான் அடக்கிய ஜட்காக் குதிரை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்கு ஒரு குதிரை வந்து சேர வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி. அரியலூர் அப்போது திருச்சி ஜில்லா. எனக்குப் பதினாறு வயது. புத்தி ஆறு வயதுக்குரியது.

எங்கள் கபடி டீமில் ஏழு பேர். நான் எட்டாவது. எட்டாவது ஆளுக்கு என்ன வேலை? துண்டு பிடிப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது, "பிடிறா, பிடிறா" என்று கத்துவது. மூன்றையும் நன்றாகவே செய்தேன்.

மீதி நேரமெல்லாம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில். அங்கே ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். எனக்குக் குதிரை என்றால் கிறுக்கு. அம்மா கொள்ளு ரசத்துக்கு வைத்திருந்ததை டிரவுசர் பையில் அள்ளிக்கொண்டு போய் மஸ்தான் பாய் குதிரைக்குக் கொடுப்பேன். அதன் பெயர் சுல்தான். விலா எலும்பை எண்ணலாம். அதைப் பார்த்துவிட்டு எனக்குக் குதிரை சாஸ்திரமே தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அரை இறுதியில் எங்கள் ஏழாவது ஆள் கோவிந்தனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. திங்கட்கிழமை கேப்டன் செல்வராசு என்னைக் கூப்பிட்டார்.

"டேய் தங்கராசு, பைனல் யார் கூடத் தெரியுமில்ல?"

"பெரம்பலூர்க்காரனுங்க கூடண்ணே."

"போன வருசம் அவனுங்க டிராக்டர்ல மாலையும் கழுத்துமா வந்து எறங்கினானுங்க. நாம மண்ணுல நடந்து போனோம். இந்த வருசம் நான் குதிரையில வரணும். நீதான் பெரிய குதிரைக்காரனாச்சே. கொண்டா."

"கொண்டாந்தா?"

"கோவிந்தன் எடத்துல நீ எறங்குற."

எனக்குத் தலை சுற்றியது. துண்டு பிடித்த கை இனிமேல் தொடை தட்டும்!

பக்கத்திலிருந்த பன்னீர் சிரித்தான். எங்கள் டீமில் ஓட்டவாயன் அவன். "அண்ணே, இவனை எறக்குறதுக்குக் குதிரையையே எறக்கிடலாம். அதுக்கு நாலு காலாவது இருக்கு."

செவ்வாய்க்கிழமை பாயிடம் போனேன். கேட்டதும் சரியென்றுவிட்டார். நல்ல மனுஷன்.

"ஞாயித்துக்கிழமை உடையார்பாளையத்துல தங்கச்சி மகளுக்கு நிக்காஹ். எனக்கு ஓட்டம் இல்ல. கூட்டிட்டுப் போ. ஆனா தம்பி, அதுக்கு ஒரு பழக்கம் இருக்கு..."

"பாய்! குதிரையைப் பத்தி எனக்கே சொல்லித் தரீங்களா?"

"இல்ல தம்பி, ஒரு நிமிசம் கேளு..."

"எல்லாம் எனக்குத் தெரியும் பாய்."

பாய் என்னை ஒரு தடவை பார்த்தார். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

வியாழக்கிழமை ஒத்திகை. காலையில், ரயில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு மணி நேரத்துக்குக் குதிரையைக் கொடுத்தார் பாய். கேப்டனை ஏற்றினோம். சேணமா இருக்கிறது? மடித்த ஜமக்காளம்தான்.

குதிரை நகரவில்லை.

"ஹை!" என்றேன். நகரவில்லை. தட்டினேன். நகரவில்லை. கொள்ளைக் காட்டினேன். தின்றுவிட்டு நின்றது.

"என்னடா, சிலையைக் கொண்டாந்திருக்க?" என்று கேப்டன் கத்தினார். கத்தின வேகத்தில் பின்பக்கமாகச் சரிந்து, வாலோடு வாலாகத் தொங்கினார்.

பன்னீர் கையைத் தட்டிக்கொண்டு ஜட்காக்காரன் குரலில் கூவினான். "முன்னாடி நகந்து ஒக்காருங்க சார், முன்னாடி நகந்து ஒக்காருங்க!"

சுல்தான் நடக்க ஆரம்பித்துவிட்டது!

ஜட்காவில் போனவர்களுக்குத் தெரியும். பாரம் பின்பக்கம் இருந்தால் வண்டி தூக்கிக்கொள்ளும். அதனால் சவாரி ஏறியதும் வண்டிக்காரன் இதைத்தான் சொல்வான். அப்புறம்தான் வண்டி கிளம்பும். முதுகில் கனம் ஏற வேண்டும், காதில் இந்த வார்த்தை விழ வேண்டும். சுல்தானுக்குக் கிளம்புவது என்றால் அது.

பன்னீர் கேலிக்குச் சொன்னது. ஆனால் மறுநாள் ஊரெல்லாம் போய், "நான்தான் கண்டுபிடிச்சேன்" என்று சொன்னவன் நான். வெட்கமில்லாதவன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைவீதியில் தவில், நாயனம். குதிரை நெற்றியில் சந்தனம். கேப்டன் கழுத்தில் சாமந்தி மாலை. நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால். உள்ளே ஆட்டத்துக்கான பனியன். முதுகில் ஏழு என்று நம்பர். அது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

"முன்னாடி நகந்து ஒக்காருங்க!" என்றேன். கிளம்பியது.

ஊரே பார்த்தது. வேட்டு வெடித்தது. சுல்தான் அசரவில்லை. "எப்படிண்ணே பழக்கியிருக்கேன்!" என்றேன். கேப்டன் மேலே இருந்தபடி தலையை ஆட்டினார். மாலை போட்டதும் அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது.

மைதானத்துக்கு நூறு அடி இருக்கும். பெரம்பலூர்க்காரன்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். முகம் சுண்டிப்போயிருந்தது.

அப்போது நாலு மணி பாசஞ்சர் ஊதியது.

சுல்தானுக்குக் காது விறைத்தது. நின்றது. யோசித்தது. திரும்பியது.

கடிவாளத்தை இழுத்தேன். அது என்னை இழுத்தது. நடை இல்லை, ஓட்டம்.

"டேய், எங்கடா போவுது?"

"தெரியலண்ணே!"

"எல்லாம் தெரியும்னியேடா!"

குதிரை மேளக்காரர்கள் நடுவில் புகுந்து போயிற்று. குதிரையோடு போகவேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலை. ஆகவே அவர்களும் திரும்பி, வாசித்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்கள். பின்னாலேயே சின்னப் பசங்கள். பெரம்பலூர்க்காரன்கள் சிரித்த சிரிப்பு மேளத்தையும் மீறிக் கேட்டது.

நேரே ரயில்வே ஸ்டேஷன். நாலு ஜட்கா நின்றிருந்தது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி. பாய் வண்டியின் இடம். சுல்தான் அதில் போய் ஒழுங்காக நின்றது. மேல் மூச்சுகூட வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

"எவன்டா அது, வரிசையில பூந்தவன்?" என்று ஒரு வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "ஓ, பாய் குதிரையா! சரி, நில்லு." குதிரைக்குத்தான் மரியாதை. மாலையோடு உட்கார்ந்திருந்த கேப்டனை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

கேப்டன் குதித்து இறங்கினார். மாலையைக் கழற்றி என் தலையில் எறிந்தார்.

"அஞ்சு மணிக்கு ஆட்டம். குதிரையை இட்டுக்கிட்டு வந்து சேரு. வந்தா எறங்கு. வரலேன்னா அப்படியே போயிடு."

ஓடிவிட்டார். மேளமும் போயிற்று.

ரயில் வந்தது. மூட்டையோடு ஒரு அம்மா நேரே என்னிடம் வந்தார்.

"கல்லங்குறிச்சி கோயிலுக்கு வருமா தம்பி?"

"வண்டி இல்லீங்கம்மா. குதிரை மட்டும்தான்."

"வண்டி இல்லாம எதுக்கு வரிசையில நிக்கிற?"

"நான் நிக்கலீங்க. அதுதான் நிக்குது."

"நல்லாயிருக்கே நாயம்!" என்று அடுத்த வண்டிக்குப் போனார்.

இழுத்தேன். தள்ளினேன். "முன்னாடி நகந்து ஒக்காருங்க" என்று கெஞ்சினேன். சுல்தான் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்தது. காலி. சவாரி இல்லாமல் எங்கே போவது? நின்றது.

ஸ்டேஷன் கடிகாரத்தில் நாலே முக்கால்.

சரி, நானே ஏறினேன். சொன்னேன். கிளம்பிற்று! பார்த்தீர்களா, குதிரை மனசு எனக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முக்கு ரோடு வந்தது. இடது பக்கம் மைதானம். வலது பக்கம் கல்லங்குறிச்சி.

நாலு மணி வண்டிக்குச் சவாரி ஏறினால் அது பெருமாள் கோயிலுக்குத்தான். சுல்தான் வலது பக்கம் திரும்பியது.

குதித்து ஓடியிருக்கலாமே என்பீர்கள். பாய் குதிரையை நடுரோட்டில் விட்டுவிட்டா? அந்தப் புத்தி மட்டும் இருந்தது. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் மைதானத்தில் விசில் ஊதினார்கள். குதிரைக்கு அந்த விசில் கணக்கில் இல்லை.

கோயில் வாசலில் அதன் இடத்தில் நின்றது. பூக்கார அக்கா கேட்டார். "பாய் வரலியா? சவாரி யாரு?"

"நான்தான்."

"ஒண்டி ஆளுக்கா முழு வண்டி? ஆமா, வண்டி எங்க?"

பூஜை முடிந்து மணி அடிக்கும்வரை சுல்தான் அசையாது என்று அவரே சொன்னார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நம்பர் ஏழு பனியனோடு உள்ளே போய்ப் பெருமாளைக் கும்பிட்டேன். எங்களை ஜெயிக்கவைக்கச் சொல்லி அல்ல. ஆட்டத்தைக் கொஞ்சம் தாமதமாக்கச் சொல்லி.

மணி அடித்தது. ஏறினேன். திரும்பினோம், ஸ்டேஷன் வரிசைக்கேதான்; சுல்தானை அங்கிருந்த வண்டிக்காரரிடம் விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடினேன். வரும்போதே பொழுது சாய்ந்துவிட்டது.

மைதானத்தில் பன்னீர் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சிட்டோம்டா குதிரைக்காரா!"

"என் எடத்துல யாரு எறங்கினா?"

"யாரும் எறங்கல. ஆறு பேர்தான் ஆடினோம்."

"ஆறு பேரா? கஷ்டமா இல்லியா?"

பன்னீர் கோப்பையை எடுத்துவிட்டு உண்மையாகவே யோசித்தான். "ஒரு ஆள் கொறைஞ்ச மாதிரியே தெரியலடா."

கேப்டன் ஒன்றும் திட்டவில்லை. துண்டை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பாய் ஊரிலிருந்து வந்தார். யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள்.

"ரயில் ஊதினா அது எடத்துக்குப் போயிடும் தம்பி. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."

தன் இடம் எது என்று அந்தக் குதிரைக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது; எனக்குத்தான் ஒரு வாரம் பிடித்தது.