ஊரே திரண்டதில் கரண்ட் திருந்திய கதை

நேற்று எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. கொழும்பிலை இருந்து வாற அதிகாரிக்கு எங்கட ஊர்க் கரண்ட் எவ்வளவு மோசம் எண்டு காட்டவேணும். அவ்வளவுதான்!

ஸ்கந்தபுரத்திலை மிளகாய் அரைக்கிற மில் வைச்சிருக்கிறன். பின்னேரமானால் கரண்ட் குறைஞ்சு மோட்டர் முனகும். இதாலை ரெண்டு மோட்டர் எரிஞ்சு போச்சு. மூண்டாவதும் எரிஞ்சால் மில்லை இழுத்துப் பூட்டவேண்டியதுதான்.

மின்சாரக் கந்தோரிலை சொன்னால், "உங்கட வயரிங் பிழை அக்கா" எண்டுவினம். ஊரிலை எல்லாருக்குமே வயரிங் பிழையாம்!

கடைசியிலை எங்கட சிறு வியாபாரிகள் சங்கம் கிளிநொச்சியிலை சனத்துக்காகப் பேசுற பாவனையாளர் அமைப்பிட்டைப் போச்சுது. அவை முறைப்பாட்டைக் கொழும்புக்கு, மின்சாரத்தைக் கண்காணிக்கிற ஆக்களுக்கு அனுப்பிச்சினம். அங்காலை இருந்து மீற்றரோடை ஒருத்தர் வாறன் எண்டார்.

அமைப்பிலை இருக்கிற செல்வி மிஸ் போன் எடுத்தா. "அக்கா, சனம் திரண்டு நிக்கவேணும். நாலுபேர் நிண்டால் மதிக்கமாட்டினம்."

சங்கச் செயலாளர் நான்தானே! ஸ்கூட்டியை எடுத்தன்.

அரிசி மில் சிவராசா அண்ணை, "நெல்லு குவிஞ்சு கிடக்கு பிள்ளை" எண்டு இழுத்தார்.

"ஒரு பின்னேரம்தானே அண்ணை! மில்லைப் பூட்டிப்போட்டு வாங்கோ. வராட்டி சங்கத்திலை இருந்து பேரை வெட்டுவன்."

வெல்டிங் கடை, மரம் அரியிற பட்டறை, ஒருத்தரையும் விடேல்லை. எல்லாரையும் வெருட்டினன்.

வந்திச்சினம். ஊரே வந்திட்டுது! அதிகாரிக்குச் சோடா குடுத்து என்ரை மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனன். அவர் மீற்றரைப் போட்டார்.

"இருநூற்றி முப்பது வோல்ட். நல்லாத்தானே இருக்கு அம்மா?"

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா, இப்ப விழும்."

விழேல்லை. என்ரை மோட்டர் வாழ்க்கையிலை முதல்தரமாய் முனகாமல் ஓடுது! எனக்கு வேர்த்துக் கொட்டுது.

திரும்பிப் பார்த்தன். கரண்டை இழுக்கிற அத்தனை மெசினுக்கும் சொந்தக்காரர் கையைக் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னாலை நிக்கினம். எல்லா மெசினையும் நிப்பாட்டச் சொன்ன புத்திசாலி நான்தான்.

"சிவராசா அண்ணை! ஓடிப்போய் மில்லைப் போடுங்கோ!" எண்டு கத்திப்போட்டன்.

அதிகாரி கண்ணாடியைக் கழட்டினார். "அப்ப, நான் பார்க்கிறதுக்காகக் குறைக்கப் போறியளோ?"

"ஐயோ, இல்லை ஐயா! இவையெல்லாம் மில்லுகளைப் பூட்டிப்போட்டு வந்திட்டினம். எல்லாம் ஓடினால்தான் கரண்ட் விழும்."

"நான் கண்டதைத்தான் அம்மா எழுதலாம்."

சிவராசா அண்ணை தலையைச் சொறிஞ்சார். "பிள்ளை, கூட்டம்தானே எண்டு வேலையாளுக்கு லீவு குடுத்திட்டன். மில்லைப் பூட்டின திறப்போடை அவர் பூநகரிக்குப் போயிட்டார்."

வெல்டிங் கடைக்காரர் ஓடினார். அவர் கடையைத் திறக்கிறதுக்குள்ளை அதிகாரி "குறைபாடு இல்லை" எண்டு எழுதி முடிச்சிட்டார். நாள் குறிச்சு, சொல்லிப்போட்டு வந்தால் எந்த ஊரிலைதான் குறை இருக்கும்? அந்த அறிக்கைக்குக் கீழை செயலாளர் எண்டு கையெழுத்து வைச்சதும் நான்தான்!

வாகனம் போனதுதான் தாமதம். விட்ட நேரத்தைப் பிடிக்கவெண்டு எல்லாரும் ஒண்டாய் மெசினைப் போட்டினம். திறப்புக்கூட பூநகரியிலை இருந்து வந்திட்டுது!

என்ரை மோட்டர் ஒருக்கா முனகிச்சுது. பிறகு புகை. மூண்டாவதும் போச்சு! அழுகையாய் வந்திது.

அந்த நேரம் பார்த்து செல்வி மிஸ்ஸின்ரை போன். "அக்கா, சனம் அந்தமாதிரித் திரண்டதாமே! மேன்முறையீடு செய்வம். திரும்பவும் வருவினம்."

வரட்டும். இந்தமுறை கூட்டத்துக்கு ஆர் வருகினமோ, அவையின்ரை பேரைத்தான் வெட்டுவன்.