பெயர் போடாத பிளான்

“இது வீடா, கிளினிக்கா?”

சதாசிவம் பிளானைக் கோப்பிக்கடை மேசைமேல் விரித்து, வாசல் இருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். சந்திரமதி டீச்சர் கோப்பியை ஓரமாக நகர்த்திவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். பிளானை வரைந்த பாவத்துக்காகப் பொந்தியானிலிருந்து வந்திருந்த குணாளன், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“வாசல்ல படி எங்க தம்பி?”

“படி இல்லைங்க ஐயா. சாய்வா, வழுக்காத தரை. நடக்கச் சிரமப்படுறவங்களுக்கு...”

“லோரோங் செம்பாக்காவுல எல்லா வீட்டுக்கும் மூணு படி. ஜப்பான் சண்டைக் காலத்துக்கு முன்னாடி கட்டுன வரிசை. நடுவுல ஒருத்தன் மட்டும் சறுக்கு மரம் வைப்பானா?”

பத்து பாகாட் ஊரில் ஆற்றை ஒட்டிப் போகும் லோரோங் செம்பாக்கா என்ற அந்தச் சந்து ஒரு பாரம்பரியப் பகுதி என்று நகராண்மைக் கழகம் அறிவித்ததிலிருந்து, அங்கே யார் புது வீடு கட்டினாலும் மூவர் குழு கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் சதாசிவம். நில அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். அடுத்தவர் சந்திரமதி டீச்சர். மூன்றாமவர் இரும்புக்கடை லிம். மற்ற இருவரும் கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே அவரும் போடுவார், அவ்வளவுதான் அவர் பங்கு.

குழுவுக்குச் சதாசிவம் கொண்டுவந்த விதி ஒன்று உண்டு. பிளானில் வீட்டுக்காரர் பெயர் இருக்கக் கூடாது. பெயரைப் பார்த்தால் மனசு வளைந்துவிடும் என்பார். இந்தக் காலி மனையைக் கோலாலம்பூரில் இருந்த வாரிசுகள் ஏதோ ஒரு கம்பெனி மூலமாக யாருக்கோ விற்றிருந்தார்கள். கட்டப் போவது யாரென்று சந்தில் ஒருவருக்கும் தெரியாது.

“ஐயா, குடி வரப்போறவருக்குக் கொஞ்சம் வயசு...” என்று குணாளன் ஆரம்பித்தான்.

“நிறுத்து! வயசானவரா, வாலிபமா, எதுவும் என் காதுல விழக்கூடாது. மூணு படி வை. கதவு என்ன இம்மாம் அகலம்? யானையா வருது? பழைய மாதிரி ரெட்டைக் கதவு, ஒடுக்கமா போடு.”

குணாளன் பிளானைச் சுருட்டிக்கொண்டு போனான்.

இவ்வளவு கறாராகப் பேசிய சதாசிவம் வீடு திரும்பிய கோலத்தை அவன் பார்த்திருக்க வேண்டும். சந்தின் கடைசியில், பழைய துணிக்கடைக்கு மேலே அவருக்கு வாடகை வீடு. செங்குத்தான மரப்படி. மனைவி போன பிறகு அந்தப் படிதான் அவருக்கு எதிரி. ஒவ்வொரு படிக்கும் வலது முட்டி ‘நான் வரமாட்டேன்’ என்று அடம்பிடிக்கும். பாதியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஏறுவார்.

இதை மகளிடம் சொல்ல முடியாது. தேன்மொழி சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். “அப்பா, இனிமே உங்களால மாடி ஏற முடியாது. தீபாவளிக்குள்ள நான் ஒரு ஏற்பாடு பண்றேன்” என்று போனமுறை வந்தபோதே சொல்லிவிட்டாள். ஏற்பாடு என்றால் என்ன? சிங்கப்பூரில் வானத்தைத் தொடும் அவள் அடுக்குமாடி வீடு. அங்கே லிம் கிடையாது, டீச்சர் கிடையாது, காலையில் போய் உட்கார ஒரு கோப்பிக்கடை மேசை கிடையாது. இந்தச் சந்தை விட்டுப் போனால் செத்துப்போவோம் என்று அவர் உண்மையிலேயே பயந்தார்.

அடுத்த கூட்டத்துக்குக் குணாளன் படி வைத்துக் கொண்டுவந்தான். படி வைத்ததில் தரை உயர்ந்திருந்தது. தரை உயர்ந்ததில் கூரை பக்கத்து வீடுகளின் மாடிச் சன்னல் உயரத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது.

“இது என்ன, நொண்டிப் பிள்ளை எட்டிப் பார்க்கிற மாதிரி?” என்றார் டீச்சர்.

“ஒண்ணு செய்யி தம்பி,” என்றார் சதாசிவம். “துருத்துறதுன்னு ஆச்சு. முழுசா ஒரு மாடியே எடுத்துடு. வரிசைல எல்லாத்துக்கும் மாடி இருக்கு.”

“மாடி எடுத்தா நடுவுல படிக்கட்டு வரும் ஐயா. கீழ இருக்குற படுக்கை ரூமுக்கு இடம் இருக்காது.”

“படுக்கை ரூமை மேல ஏத்து.”

“அலாமாக், கடவுளே!” என்று குணாளன் வாய்விட்டே சொல்லிவிட்டான். “ஐயா, ஒரே ஒரு போன் போட்டு வீட்டுக்காரங்ககிட்ட நீங்களே பேசிடுங்களேன்?”

“பேசினா குரல் தெரியும். குரல் தெரிஞ்சா ஆள் தெரியும். விதி விதிதான்.”

அன்று மாலை தேன்மொழி கூப்பிட்டாள். சதாசிவம் வீரப்பிரதாபமெல்லாம் சொல்லி முடித்தார். மறுமுனையில் ஏதோ காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லப்பா. அந்த வீட்டுக்காரங்க பாவம்லா. கீழேயே ரூம் இருந்தா வயசானவங்களுக்கு நல்லதுதானே?”

அவருக்குச் சட்டென்று உறைத்தது. மகள் வீட்டைப் பற்றிப் பேசவில்லை, முட்டியைப் பற்றித் துப்புத் துலக்குகிறாள். ஒரு வார்த்தை பிசகினால் போதும், பெட்டி கட்ட வைத்துவிடுவாள்.

“வயசானா என்ன? நான் இல்லையா? அந்தப் புது எண்ணெய் தேய்ச்சதுல முட்டி இரும்பு மாதிரி ஆயிடுச்சு. தினமும் நாலு தரம் மாடி ஏறி இறங்குறேன்.”

“நெஜமாவாப்பா? அப்ப, நீங்களே ஒரு வீட்டுல இருக்கணும்னா கீழ் ரூம் வேணாமா?”

“கீழ் ரூம்ல நோயாளிதான் படுப்பான்! எனக்கு மேலதான் வேணும். சன்னலைத் திறந்தா ஆறு தெரியணும்.”

தேன்மொழி, “சரிப்பா, உங்க இஷ்டம்” என்றாள். அவள் குரலில் நிம்மதி இருந்தது. தப்பித்தோம் என்று சதாசிவம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது கூட்டத்தில் குணாளன் மேலிடத்து உத்தரவு வந்த மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். படுக்கை அறை மாடியில் ஆற்றைப் பார்த்து நின்றது. மிச்சமிருந்த குறைகளைச் சதாசிவம் ஒவ்வொன்றாகக் களைந்தார்.

“படுக்கிற இடத்தை ஒட்டிக் கக்கூஸா? சீச்சீ. கீழே, பின்கட்டுல வை.”

“சரிங்க ஐயா.”

“செவுரு பூரா கைப்பிடிக் கம்பி எதுக்கு? பஸ்ஸா இது? எடு.”

“எடுத்துடறேன் ஐயா.”

“படிக்கட்டு இவ்வளவு தாழ்வா, அகலமா இருந்தா நம்ம வரிசைக்கு ஒட்டாது. மரத்துல, செங்குத்தா, ஒடுக்கமா போடு. என் வீட்டுப் படியை வேணும்னா வந்து அளந்துக்க.”

இந்த இடத்தில் டீச்சருக்கே மனசு கேட்கவில்லை. “அண்ணே, ராத்திரி ஒரு அவசரம்னா அந்த மனுசன் எப்படி இறங்குவாரு?”

“அது அவர் பாடு டீச்சர். நம்ம பாடு சந்து.”

கையெழுத்துப் போட்டார். டீச்சர் போட்டார். எங்கே போட வேண்டும் என்று கேட்டு லிம்மும் போட்டார். “இனிமே இதுல ஒரு செங்கல்கூட மாறக்கூடாது” என்று சதாசிவம் முத்திரையைக் குத்தினார். சந்தைக் காப்பாற்றிவிட்ட நிறைவில் அவருக்குக் கண் கலங்கியது. இனி இந்தச் சந்து மாறாது, தானும் இங்கேயே இருக்கலாம் என்று தோன்றியது.

ஆனால் வீட்டு மாடிப்படியில் பாதிதான் ஏற முடிந்தது. முட்டி பூட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் சுவரைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பல்லைக் கடித்தும் கண்ணில் நீர் முட்டியது. மகள் மட்டும் இப்போது பார்த்தால் இன்றைக்கே சிங்கப்பூர்தான் என்று பயந்து, வழியில் போகிற யாருக்கும் கேட்காதபடி முனகினார்.

அப்போது கீழே செருப்புச் சத்தம். கையில் அளவு நாடாவோடு கொத்தனார் தங்கராஜு அண்ணாந்து பார்த்தார்.

“யாரு தங்கராஜுவா? என்ன வேணும்?”

“கட்டில் அளவு வேணும் ஐயா. நீங்க கேட்டபடியே புது வீட்டுல உங்க ரூமை மாடிக்கு ஏத்தியாச்சு, ஆனா அப்பாவோட கட்டில் அந்த ஒடுக்கப் படிக்கட்டுல திரும்புமான்னு பார்த்துட்டு அஸ்திவாரம் தோண்டச் சொன்னாங்க தேன்மொழிக்கா.”