பொடிடப்பாவுக்குள் அமானுஷ்யம்

திருச்சி ஜில்லாப் பேய்களை அடக்கி வைத்திருந்தவர் மந்திரவாதி இல்லை. சின்னக்கடை வீதி அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்த ‘பொடிடப்பா’தான்.

மனிதர் பொடி போடமாட்டார். அங்கே ‘ஷ்’ என்ற ஈய எழுத்து மொத்தமே மூன்று. அவற்றைப் பொடிடப்பாவில் போட்டு மடியில் செருகியிருப்பார். புஷ்பா, கிருஷ்ணன் என்று கல்யாணப் பத்திரிகை வந்தால் மறுபேச்சில்லாமல் கொடுப்பார். “கல்யாணத்தைவிட அமானுஷ்யம் என்னங்க இருக்கு?”

கதையில் ‘அமானுஷ்யம்’ வந்தால்தான் தகராறு. எழுதியவரையே படிக்கச் சொல்லி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தன் கையையே பார்த்திருப்பார். ரோமம் எழுந்தால் எழுத்து. இல்லாவிட்டால் ‘ஒரு மாதிரியான’ என்று கோத்துவிடுவார். ஒரு வக்கீலின் தொடர்கதையில் பங்களா, பௌர்ணமி, ஓலம், ஆவி எல்லாமே ஒரு மாதிரியாக இருந்தது இதனால்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் என் முதல் கதை அங்கே அச்சுக்குப் போனது. தலைப்பே ‘அமானுஷ்யம்’. நான் வேலை பார்த்த பொன்மலை ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. தலைப்பு மாறினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

படித்தேன். அவர் கையில் ஒரு ரோமம்கூட எழவில்லை.

“கிணறு அமானுஷ்யம், காத்து அமானுஷ்யம், ஆந்தையும் அமானுஷ்யமா சார்?”

“மனுஷனுக்குப் பிடிபடாததுன்னுதானே அர்த்தம்?”

“அர்த்தம் சரிங்க. ஆந்தை எங்க வேப்பமரத்துலயே குடியிருக்கே!”

எனக்குக் கோபம். “பிடிபடாதது வேணுமா? கேளுங்க. திருவானைக்காவல்ல எங்க பக்கத்து வீட்டுக்காரர் சம்சாரம் தவறிப்போனப்புறமும் தினம் ரெண்டு டம்ளர் காப்பி கலப்பாரு. ஒண்ணைக் குடிப்பாரு, இன்னொண்ணு ஆறிக் கிடக்கும். ஒருநாள் ரெண்டும் காலி. யாரு குடிச்சாங்கன்னு நான் கேக்கலை. அவரு சிரிச்சுக்கிட்டே ரெண்டையும் கழுவி வெச்சாரு.”

பொடிடப்பா சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டார். “ஃபேன் காத்துங்க” என்றார். அங்கே ஃபேனே கிடையாது.

“ஆந்தையைத் தூக்கிப் போட்டுட்டு இதை எழுதிக் கொடுங்க சார்” என்று டப்பாவைத் திறந்தார்.

தலைப்புக்கான பெரிய எழுத்தில் ‘ஷ்’ அவரிடம் இல்லை. டப்பாவிலிருந்த பொடி எழுத்தையே நடுவில் உட்காரவைத்து, கீழே விழாமல் சுற்றிலும் அட்டைத் துண்டு செருகி, அரைநாள் மல்லுக்கட்டினார்.

இதழ் வந்ததும் ஆபீசில் சிரித்தார்கள். “என்னய்யா, நடுவுல ஒரு எழுத்து திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளை மாதிரி நிக்குது?”

எத்தனையோ கதை அப்புறம் அழகழகான எழுத்தில் வந்துவிட்டது. பீரோவில் பத்திரமாக இருப்பது அந்த ஒரு இதழ்தான். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொடி எழுத்துதான் பெரிதாகத் தெரிகிறது.